பயோமெடிக்கல் இன்ஜினியர் தேவை என்று போடுகிறவர்கள் சம்பளத்தையும் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் மருத்துவக் கருவிகள் பற்றிய பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல படிப்பு, வளரும் துறை, எல்லாம் சரி. ஆனால் நடுவில் கட்டம் கட்டி, தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம், அமெரிக்காவில் 1 லட்சம் டாலர் என்று இரண்டே வரி போட்டிருந்தீர்கள். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, வெட்டுவதாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், சம்பள விவரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, நீங்க இந்த வேலைதானே பாக்குறீங்க, பாப்பாவுக்கு கட்-ஆஃப் நல்லா வந்திருக்கு, கவுன்சலிங்ல இதையே முதல்ல போட்டுரலாமா, ஆறு லட்சம்னு போட்டிருக்கே" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் 2012-ல் பி.இ. பயோமெடிக்கல் முடித்தவன். 13 வருடமாக மதுரையில் தனியார் ஆஸ்பத்திரிகளில்தான் வேலை, இப்போது இருப்பது மூன்றாவது ஆஸ்பத்திரி, பதவி சீனியர் பயோமெடிக்கல் இன்ஜினியர். போன மாதம் என் வங்கிக் கணக்கில் ஏறிய தொகை 36,400 ரூபாய். வருடத்துக்குப் பெருக்கினால் 4 லட்சத்து 36 ஆயிரத்து 800. உங்கள் கட்டத்தில் இருக்கும் தொடக்கச் சம்பளத்தை நான் இன்னும் தொடவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் நம்பவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதே என்றார்.

6 லட்சம் என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், என் வகுப்பிலேயே இருந்தார்கள். யார் வாங்குகிறார்கள், எந்த வேலைக்கு வாங்குகிறார்கள் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டால் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அது எல்லோருக்கும் கிடைக்கும் எண்ணாகத் தெரிகிறது. இந்தத் துறையில் சம்பளத்தை முடிவு செய்வது மதிப்பெண்ணோ திறமையோ அவ்வளவாக இல்லை. இயந்திரத்தை விற்கிற பக்கம் இருக்கிறோமா, வாங்குகிற பக்கம் இருக்கிறோமா, இல்லை கருவிக்கு அனுமதி வாங்கும் காகிதம் தயாரிக்கிற பக்கம் இருக்கிறோமா, அதுதான் முடிவு செய்கிறது.

முதலில் எங்கள் வேலை என்ன என்று ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பாதிப் பேருக்கு எங்களை எலக்ட்ரீஷியன் என்றுதான் தெரியும். ஐ.சி.யூ., இரவு ஒன்றரை மணி. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்பில் போய்க்கொண்டிருக்கிறது. மணிக்கு 5 மில்லி என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் பிரஷர் எதிர்பார்த்தபடி ஏறவில்லை, சிஸ்டர் போன் போட்டு "சார், பம்ப் சரியில்ல" என்கிறார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பம்பில் பழுதே இல்லை. அன்று ஸ்டோரிலிருந்து வேறு கம்பெனி சிரிஞ்ச் வந்திருக்கிறது, பம்பின் மெனுவிலோ பழைய கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கிறது. சிரிஞ்சின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பம்ப் அறிந்தது தண்டை எத்தனை மில்லிமீட்டர் தள்ளினோம் என்பதை மட்டும்தான், அதை மில்லிக் கணக்காக மாற்றுவது மெனுவில் இருக்கும் அந்தப் பெயரை வைத்து. பெயர் தப்பாக இருந்தால் திரையில் 5 என்றே காட்டும், நோயாளியின் உடம்புக்குள் போவது அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும், அன்று குறைவாகப் போய்க்கொண்டிருந்தது. பெயரை மாற்றினேன், டாக்டரிடம் சொன்னேன், பிரஷர் நிற்கும் வரை அங்கேயே நின்றேன். மறுநாள் இருந்த 18 பம்புகளிலும் எந்த சிரிஞ்ச் போட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டி, மூன்று ஷிப்ட் சிஸ்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இரவில் வந்ததற்குத் தனிப்படி கிடையாது, பெட்ரோல் என் காசு.

2021 மே மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறி வந்தவர்களுக்கு ஹை ஃப்ளோ கருவி போடுவார்கள், அது ஒன்று மட்டுமே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை ஆக்சிஜன் இழுக்கும். அப்போது நான் இருந்த ஆஸ்பத்திரியின் குழாய்கள் அந்த இழுப்புக்குப் போட்டவை அல்ல. சுவரில் இருக்கும் அவுட்லெட்டில் 4 பார் சுற்றி நிற்க வேண்டிய அழுத்தம் ஒரு இரவில் இறங்க ஆரம்பித்தது, ஒரு வென்டிலேட்டர் அலறியது, அடுத்தது, அதற்கடுத்தது. நானும் என்னுடன் வேலை பார்த்த, டிப்ளமோ படித்த ஒரு தம்பியும், சிலிண்டர்களைக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டு அறையில் ஜம்போ சிலிண்டர்களை மாற்றி மாற்றிக் கோர்த்துவிட்டுக்கொண்டே இருந்தோம், விடியும் வரை, கை நடுங்க நடுங்க. அப்போது என் சம்பளம் 22,000, அந்தத் தம்பிக்கு 11,000. பிறகு நிர்வாகம் கொரோனா காலத்தில் உழைத்தவர்களுக்கு என்று ஒரு தொகை கொடுத்தது, டாக்டர்கள், நர்சுகள், லேப் ஆட்கள் எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள் வாங்கியதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்தான், பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் துறை பட்டியலில் இல்லை. கேட்டபோது நீங்கள் மெயின்டனன்ஸ் கணக்கில் வருகிறீர்கள் என்றார்கள்.

மெயின்டனன்ஸ் கணக்கு என்ற அந்தச் சொல்லில்தான் எங்கள் சம்பளத்தின் முழுக் கதையும் இருக்கிறது.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் பன்னாட்டு கம்பெனி ஒன்றில் சி.டி. ஸ்கேன் சர்வீஸ் இன்ஜினியர். என்னைவிட மூன்று மடங்கு வாங்குகிறான், அதற்கு மேல் இன்சென்டிவ், கார் அலவன்ஸ், வெளியூர் போனால் தங்கும் செலவு. கெட்டிக்காரன், ராத்திரி பகலாக உழைக்கிறான், அவன் வாங்குவதில் ஒரு பைசா கூட எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்றரைக் கோடி ரூபாய் ஸ்கேனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்ததும் உதிரிபாகமும் சேர்த்து முழுப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் போடுவார்கள், வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தாலே 9 லட்சம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. இப்படிப் பல இயந்திரங்களை அவன் ஒருவன் பார்த்துக்கொள்கிறான். அதாவது கம்பெனி கணக்கில் அவன் வரவு. ஆஸ்பத்திரி கணக்கில் நான் செலவு. 600-க்கும் மேல் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன், வென்டிலேட்டர், மானிட்டர், டிஃபிப்ரிலேட்டர், டயாலிசிஸ், ஆட்டோகிளேவ் வரைக்கும், ஆனால் இந்த ஆள் இத்தனை ரூபாய் கொண்டுவந்தார் என்று எழுத எந்த நோட்டிலும் இடம் கிடையாது.

அதனால் 2023-ல் நானே ஒரு நோட்டுப் போட்டேன். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு வரவில்லை என்றால் கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் வந்து போவதற்கே பில் வரும், நான் பார்த்தால் பத்துக்கு ஏழு தடவை விரலில் மாட்டும் ப்ரோப் கம்பி முறிந்திருக்கும், அதை மாற்றினால் முடிந்தது. டயாலிசிஸ் இயந்திரத்தில் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, அதாவது கண்டக்டிவிட்டி, 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்காமல் அலாரம் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.ஓ. தண்ணீரையும் கரைசல் கேனையும்தான், அதைப் பார்க்காமல் கம்பெனிக்கு போன் போட்டால் அன்று மூன்று பேருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போகும். இப்படி வெளி ஆளைக் கூப்பிடாமல் முடித்தது ஒவ்வொன்றையும் தேதி, கருவி, கம்பெனி கூப்பிட்டிருந்தால் என்ன பில் என்று எழுதி வைத்தேன். வருடக் கடைசியில் கூட்டினால் 7 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. நிர்வாக மேலாளரிடம் காட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகப் படித்தார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், அந்த வருடம் மாதத்துக்கு 2,500 ரூபாய் ஏற்றிக் கொடுத்தார். அதுவரை எனக்கு 1,000, 1,200 என்றுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பி தங்கைகள் யார் இதைப் படித்தாலும் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்.

கம்பெனி என்றாலே நல்ல சம்பளம் என்றும் நினைத்துவிட வேண்டாம். தயாரிக்கிற கம்பெனி நேரடியாக வேலைக்கு எடுப்பது வேறு, அந்தக் கம்பெனியின் டீலர் எடுப்பது வேறு. சட்டையில் ஒரே லோகோ இருக்கும், சம்பளம் பாதி கூட இருக்காது. டீலரிடம் சேரும் புதுப் பையனுக்கு நான் கேள்விப்படுவது 15,000, 18,000, பெட்ரோல் படி தனி, அதோடு லேப் சோதனைக்கான ரசாயனம், அதாவது ரீஏஜென்ட் விற்க வேண்டும், ஒப்பந்தம் புதுப்பிக்க வைக்க வேண்டும் என்று டார்கெட் வேறு. அப்புறம் எந்த இயந்திரம் என்பதும் முக்கியம். எம்.ஆர்.ஐ., சி.டி., கேத் லேப் தெரிந்தவனுக்கு ஒரு விலை, அல்ட்ராசவுண்டுக்கு அதற்குக் கீழே, மானிட்டரும் பம்பும் பார்க்கிறவனுக்கு இன்னும் கீழே. பெரிய இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பது அந்தக் கம்பெனிதான், பாஸ்வேர்டும் சர்வீஸ் மென்பொருளும் அவர்களிடம்தான், வெளியில் இருந்து எவ்வளவு படித்தாலும் உள்ளே கை வைக்க முடியாது. அதனால் முதல் வேலை எங்கே கிடைக்கிறது என்பதே அடுத்த பத்து வருடச் சம்பளத்தை எழுதிவிடுகிறது.

என் முதல் வேலை எப்படி இருந்தது என்றால், 2012-ல் டிரெய்னி என்று எடுத்தார்கள், மாதம் 7,500. சேரும் அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை ஒரிஜினல் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருட பாண்ட். எட்டாவது மாதம் சென்னையில் ஒரு கம்பெனி 16,000-க்குக் கூப்பிட்டது. சான்றிதழ் கேட்டேன், பாண்ட் முடியவில்லை, 50,000 கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அப்பா கடன் வாங்கலாம் என்றார், எனக்கு மனம் வரவில்லை, இருந்துவிட்டேன். என் சம்பளம் இன்று இருக்கும் இடத்துக்கு அந்த ஒரு நாள் பெரிய காரணம். இப்போதும் இந்தப் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, பிள்ளைகள் போன் செய்து கேட்கிறார்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் வருத்தம். பயோமெடிக்கல் வகுப்பில் பெண்கள்தான் அதிகம், எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். ஆனால் நல்ல சம்பளம் இருக்கும் ஃபீல்டு சர்வீஸ் வேலைக்கு விளம்பரத்திலேயே ஆண்கள் மட்டும் என்று போடுவார்கள், இப்போது அப்படிப் போடாவிட்டாலும் நேர்காணலில் பைக் ஓட்டுவாயா, ராத்திரி திருநெல்வேலி போவாயா, கல்யாணம் எப்போது என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என்னிடம் வேலை பழகிய ஒரு தங்கை, எலக்ட்ரிக்கல் சேஃப்டி அனலைசரை வைத்துக் கசிவு மின்னோட்டத்தை மைக்ரோ ஆம்பியர் சுத்தமாக அளந்து எழுதுவாள், இதயத்தோடு நேரடியாகச் சேரும் கருவியில் சாதாரண நிலையில் 10-ஐத் தாண்டக்கூடாது, 11 வந்தால் யார் சொன்னாலும் அந்தக் கருவியை வார்டுக்கு விடமாட்டாள். அப்படிப்பட்டவள் மூன்று வருடம் 14,000-லேயே இருந்துவிட்டு, கடைசியில் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது சிகிச்சைக் குறிப்புகளைப் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே 24,000. அவள் முடிவைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு ஐ.சி.யூ. அவளை இழந்துவிட்டது.

இந்த மெடிக்கல் கோடிங்கும் ஐ.டி.யும்தான் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பயோமெடிக்கல் துறையில் இத்தனை சதவீதம் பிளேஸ்மென்ட், உயர்ந்த பேக்கேஜ் இத்தனை லட்சம் என்று பேனர் கட்டுகிறார்களே, அதில் எத்தனை பேர் மருத்துவக் கருவியைத் தொடும் வேலைக்குப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய பேக்கேஜ் வாங்கியவர்களில் நிறையப் பேர் மென்பொருள் கம்பெனிக்குப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் அந்தச் சம்பளத்தைப் பயோமெடிக்கல் இன்ஜினியர் சம்பளம் என்று சொல்லக்கூடாது. இன்னொன்று, பேக்கேஜ் என்பது கையில் வருவது அல்ல. 3 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் 25,000 என்று நினைப்போம், அதில் முதலாளி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் உள்ளேயே அடக்கம், நம் பங்கு பி.எஃப்.-உம் போனால் கையில் 20,000 பக்கம்தான் நிற்கும். ஆஃபர் லெட்டரில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று இருந்தாலே மாதச் சம்பளம் 21,000-க்குள்தான் என்று புரிந்துகொள்ளலாம், ஈ.எஸ்.ஐ. வரம்பு அதுதான்.

காகிதம் தயாரிக்கிற பக்கம் என்று மேலே சொன்னேனே, அதைக் குறைவாகச் சொல்லவில்லை. இன்றைக்குப் படித்து வருகிறவர்களுக்கு நல்ல சம்பளம் அங்கேதான் இருக்கிறது, உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஐரோப்பாவில் மருத்துவக் கருவிகளுக்கான புதுச் சட்டம் 2017-ல் வந்து 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, பழைய கருவிகளுக்கும் ஆவணங்களைத் திரும்ப எழுத வேண்டி வந்தது, அந்த வேலையில் ஒரு பங்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, லைசென்ஸ் எடுக்க ஆள் வேண்டும். தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, இடர் மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14971, கருவிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு ஐ.இ.சி. 62304, இந்த மூன்று தரநிலைகளையும் ஒழுங்காகப் படித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். என் ஜூனியர் ஒருவன் இதில் 3 லட்சத்து 60 ஆயிரத்தில் சேர்ந்து ஆறு வருடத்தில் 11 லட்சம் வாங்குகிறான். ஆஸ்பத்திரியில் எவனுக்கும் ஆறு வருடத்தில் மூன்று மடங்கு ஏறி நான் பார்த்ததில்லை.

இப்போது அமெரிக்கக் கணக்குக்கு வருகிறேன். அந்த 1 லட்சம் டாலர் சரியான எண்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாதக் கணக்காகப் பயோமெடிக்கல் இன்ஜினியர்களுக்குச் சொன்ன நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,00,730 டாலர், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். ஆனால் அங்கே பயோமெடிக்கல் இன்ஜினியர் என்றால் பெரும்பாலும் கருவியை வடிவமைக்கிறவர், சோதிக்கிறவர், ஆராய்ச்சி செய்கிறவர். ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரையும் பம்பையும் பார்த்துக்கொள்ளும் வேலை, அதாவது மதுரையில் நான் செய்யும் வேலை, அங்கே மருத்துவக் கருவி பழுதுபார்ப்பவர் என்று தனித் தலைப்பில் வருகிறது. அதே கணக்கில் அதன் நடுநிலைச் சம்பளம் சுமார் 60,000 டாலர். ஒரே பெயரில் இங்கே இரண்டு வேலையையும் அழைக்கிறோம், சம்பளத்தை மட்டும் மேலே இருப்பதைப் பார்த்துச் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் அரசு மருத்துவச் சேவையில் மருத்துவ இயற்பியல் துறையில் வேலை செய்கிறார். அங்கே ஒவ்வொரு பதவிக்கும் பேண்ட் என்று ஒரு படிநிலை, 2024-25-ல் பேண்ட் 6 என்றால் 37,338 பவுண்டில் தொடங்கி 44,962 வரை. இதை எனக்கு அவர் ரகசியமாகச் சொல்லவில்லை, வேலை விளம்பரத்திலேயே பேண்டும் தொகையும் போட்டிருக்கும், அடுத்த பேண்டுக்குப் போக என்ன தகுதி என்றும் போட்டிருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான். சவுதி, கத்தார் போனவர்களும் இருக்கிறார்கள், நான் அறிந்தவர்கள் சவுதியில் ஒப்பந்தக் கம்பெனி மூலம் 4,000, 5,000 ரியால் வாங்குகிறார்கள், தங்குமிடம் தனி, ஆனால் மூன்று நான்கு வருட ஆஸ்பத்திரி அனுபவம் இல்லாமல் யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் பலர் இங்கே 15,000-ஐப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார்கள்.

அரசு வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-ல் மத்திய அரசு பயோமெடிக்கல் கருவிகள் பராமரிப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதற்காகக் கணக்கெடுத்தபோது 29 மாநிலங்களில் 7 லட்சத்து 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள், மதிப்பு 4,500 கோடிக்கு மேல், அதில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் கருவிகள் 95 சதவீத நேரம் ஓட வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 என்று இலக்கு வைத்தார்கள். பல மாநிலங்களில் கருவிகளின் மொத்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று தனியாருக்கு ஒப்பந்தம் போனது. இயந்திரம் எத்தனை நேரம் ஓட வேண்டும் என்று இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அதை ஓட வைக்கும் ஆளின் சம்பளத்துக்கும் ஒரு கீழ்வரம்பு எழுதத் தெரியாதா? நிரந்தரப் பணியிடம் குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் வாராவாரம் 'பயோமெடிக்கல் இன்ஜினியர் தேவை, பி.இ. அல்லது டிப்ளமோ, சம்பளம் தகுதிக்கேற்ப' என்று வருகிறது. அந்தக் கடைசி வார்த்தையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்கும் என்.ஏ.பி.எச். ஆய்வு வருகிறது என்றால் ஒரு மாதத்துக்குள் ஆள் எடுக்கிறார்கள், கருவிப் பட்டியல், கேலிபரேஷன் சான்று எல்லாம் அந்தப் புதுப் பிள்ளை ராத்திரி உட்கார்ந்து தயார் செய்கிறது, ஆய்வு முடிந்ததும் சம்பளம் பேசலாம் என்பார்கள், பேச மாட்டார்கள். தொகை முன்கூட்டியே அச்சில் இருந்தால் அந்தப் பேச்சே தேவைப்படாது. ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் டிரெய்னி, ஜூனியர், சீனியர், துறைத் தலைவர் என்று ஒரு படிநிலையையும், இரவில் கூப்பிட்டால் ஒரு படியையும் எழுதி வைக்கட்டும், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி.

கல்விப் பக்கத்தில் அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து ஆஸ்பத்திரியில் இருக்கிற நாலு பேரையும், டீலரிடம் இருக்கிற இரண்டு பேரையும், கம்பெனியில் இருப்பவரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். கல்லூரியைக் கேட்டால் பேனரில் இருப்பதைத்தான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பாப்பா மறுநாள் தானே வந்து, "மாமா, அப்ப வேணாம்னு சொல்றீங்களா" என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், நின்றுபோன வார்மர் திரும்பச் சூடாகி உள்ளே இருக்கும் குறைமாதக் குழந்தையின் தோல் நிறம் மாறுவதைப் பார்த்தவன் நான், அதை விட்டு என்னால் போக முடியவில்லை. படி, ஆனால் இரண்டாம் வருடத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் செய், மின்னணுவியலையும் கொஞ்சம் மென்பொருளையும் விடாதே, அந்த ஐ.எஸ்.ஓ. எண்களை எழுதி வைத்துக்கொள், முதல் வேலைக்கு ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் எனக்கு போன் செய் என்று சொல்லி அனுப்பினேன். கவுன்சலிங் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டிருக்கிறாள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் மறுபடி கட்டுரை போடுவதாக இருந்தால் 2012-லிருந்து என் சம்பளச் சீட்டு எல்லாம் ஃபைலில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பெயரை மறைத்துவிட்டு நகல் தருகிறேன். இன்னும் ஐந்து பேர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குச் சிக்கல் வரும் என்பதால் என் பெயரை மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியர்,
மதுரை.